பிள்ளைக் கணக்கு

நிரந்தரக் கருத்தடை என்பது உடலியல் நோக்கில் ஒரு வழியடைப்பு வேலை மட்டுமே. பெண்ணின் கருப்பையிலிருந்து இரு பக்கமும் கிளம்பும் கருக்குழாய்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ளவை. சினைப்பை மாதந்தோறும் வெளிவிடும் முட்டையைக் குழாயின் விரல் போன்ற நுனிகள் உள்வாங்கிக்கொள்ள, குழாயின் அகன்ற பகுதியில் விந்தணு அதைச் சந்தித்தால்தான் கரு உண்டாகிறது. வெளிவந்த முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிர்த்திருப்பதில்லை என்பதால் சந்திப்பு வேறெங்கும் நிகழ வாய்ப்பும் இல்லை. ஆணிடத்தில் இதற்கு இணையான வழி விந்துநாளம். விதையில் உருவான விந்தணுக்களை மேலே கொண்டு செல்லும் இந்த மெல்லிய குழாய், தொடக்கத்தில் விதைப்பையின் தோலுக்கு அடியிலேயே ஓடுவதால் விரலால் உருட்டிப் பார்த்தே அதைக் கண்டுகொள்ளலாம். கருக்குழாய் அடிவயிற்றின் ஆழத்தில் இருக்க, விந்துநாளம் தோலுக்கு மிக அருகில் இருக்கிறது என்ற இந்த இட வேறுபாடு, பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்த தம்பதியில் யார் மேசையில் படுப்பது என்ற கேள்விக்கு உடற்கூற்றியல் தரும் விடையாகும். நடைமுறையில் அந்த விடையை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது வேறு கதை.

வழியை அடைப்பதால் மற்றவை எதுவும் மாறுவதில்லை. சினைப்பை சுரக்கும் ஹார்மோன்கள் குழாய் வழியாகச் செல்வதில்லை, இரத்தத்தில் நேரடியாகக் கலக்கின்றன. ஆகவே மாதவிலக்கு தொடர்கிறது, அது நிற்கும் வயதும் இந்தச் சிகிச்சையால் முன்னுக்கு வருவதில்லை. ஆணின் டெஸ்டோஸ்டிரோனும் இரத்த வழியாகவே உடலெங்கும் செல்வதால் விருப்பமோ, விறைப்போ, குரலோ, தசையோ மாறக் காரணம் இல்லை. விந்து நீர்மத்தில் விந்தணுக்களின் பங்கு 2 முதல் 5 விழுக்காடு மட்டுமே, எஞ்சியது பிற சுரப்பிகளின் நீர் என்பதால் கண்ணுக்குத் தெரியும் அளவிலும் வேறுபாடு இருக்காது. வெளியேற வழியற்ற விந்தணுக்களை உடலே சிதைத்து உறிஞ்சிக்கொள்கிறது. ஆனாலும் ஆண்மை பற்றிய அச்சம் இந்த நாளத்தைச் சுற்றி எப்போதும் ஏதாவதொரு வடிவில் இருந்துவந்திருக்கிறது. 1920களில் வியன்னாவின் உடலியலாளர் ஆய்கன் ஸ்டைனாக், நாளத்தைக் கட்டினால் ஹார்மோன் சுரப்பு பெருகி இளமை திரும்பும் என்று அறிவித்தபோது, அதை நம்பி 1923இல் சிக்மண்ட் ஃபிராய்டும் 1934இல் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸும் அந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டார்கள். கட்டினால் ஆண்மை பெருகும் என்று அன்று பணம் கொடுத்தவர்களும், கட்டினால் ஆண்மை போய்விடும் என்று இன்று ஒதுங்குகிறவர்களும் ஒரே பிழையைத்தான் எதிரெதிர்த் திசையில் செய்கிறார்கள்.

அடைக்கும் முறைகள் படிப்படியாக வளர்ந்தவை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 1880இல் சாமுவேல் லங்கிரன் என்ற மருத்துவர், வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்த ஒரு பெண்ணுக்கு அதே அமர்வில் கருக்குழாய்களையும் கட்டியதே பதிவான முதல் பெண் கருத்தடை அறுவை எனக் கருதப்படுகிறது. ரால்ஃப் பொமராய் உருவாக்கி, அவர் மறைந்தபின் 1930இல் உடன் பணியாற்றியவர்கள் வெளியிட்ட முறையில், குழாயை ஒரு வளையமாக மடித்து, கரையும் நூலால் கட்டி, மடிப்பின் மேற்பகுதியை வெட்டி எடுப்பார்கள். பிரசவ வார்டுகளில் இன்றும் பெரும்பாலும் இதன் ஏதோ ஒரு வடிவமே நடக்கிறது. தொப்புள் அருகே சிறு துளையிட்டுக் கருவியைச் செலுத்தும் லேப்ராஸ்கோபி வந்தபின் குழாயில் வளையம் மாட்டுவதும் கிளிப் போடுவதும் மின்சூட்டால் பொசுக்குவதும் வழக்கமாயின. அண்மைக் காலத்தில் குழாயை முடிச்சிடுவதற்குப் பதில் முழுவதுமாக நீக்கிவிடும் போக்கு வளர்ந்துவருகிறது. சினைப்பைப் புற்றுநோய் என்று அழைக்கப்படுவதில் மிகக் கொடிய வகையின் பெரும்பகுதி உண்மையில் கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது என்பது தெரியவந்ததே இதற்குக் காரணம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010 முதல் மருத்துவர்களுக்கு இது பரிந்துரையாகவே தரப்பட்டது.

ஆண்களுக்கான வாசக்டமியில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவர் சீனாவின் சிச்சுவான் மாநிலத்து அறுவை மருத்துவர் லி ஷுன்சியாங். 1974இல் அவர் வகுத்த முறையில் கத்தியே கிடையாது: தோலை மரத்துப்போகச் செய்தபின், கூரிய நுனியுள்ள ஒரு இடுக்கியால் ஒற்றைத் துளை இட்டு, அதன் வழியே நாளத்தை வெளியே இழுத்து, வெட்டி, முனைகளை மூடி, மீண்டும் உள்ளே விட்டுவிடுவார்கள், பெரும்பாலும் தையலும் தேவைப்படாது. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுவர்களில் ‘நவீன தழும்பில்லா கருத்தடை சிகிச்சை’ என்று எழுதப்பட்டிருப்பது இதுதான். நாளத்தின் மேற்பகுதியில் முன்பே தங்கியிருக்கும் விந்தணுக்கள் வெளியேறச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், மூன்று மாதம் வரை வேறு தடுப்பு முறையைப் பின்பற்றி, அதன்பின் விந்தைப் பரிசோதித்து விந்தணு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த உறுதிக்குப் பிறகு கரு உண்டாகும் வாய்ப்பு ஏறத்தாழ 2000இல் ஒன்று. பெண்களுக்கான சிகிச்சையைப் பொறுத்தவரை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்காவின் ‘கிரெஸ்ட்’ ஆய்வு, பத்து ஆண்டுகளில் ஆயிரத்துக்கு 18 அல்லது 19 பேருக்குக் கரு உண்டாவதைக் கண்டது. அவ்வாறு உண்டாவதில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கருப்பைக்கு வெளியே தங்கும் ஆபத்தான கரு. வாசக்டமியிலும் குறை இல்லாமல் இல்லை. நூற்றில் ஓரிருவருக்கு நாள்பட்ட வலி தங்கிவிடுகிறது. எனினும் வயிற்றைத் திறக்காமல், முழு மயக்கம் தராமல், கால் மணி நேரத்தில் முடிவது எது என்று பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஐயம் இல்லை. அப்படியிருந்தும் 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு 0.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் பெண்களின் பங்கு 57 விழுக்காட்டையும் தாண்டுகிறது.

இந்தப் பெரும் எண்ணிக்கையில் பிள்ளை வேண்டாம் என்ற தம்பதிகளுக்கு இடம் இல்லை. இதில் அடங்குபவர்கள் ஏறத்தாழ அனைவரும் பிள்ளை பெற்று ‘போதும்’ என்றவர்கள். தொடங்கவே வேண்டாம் என்றவர்களுக்குத் தமிழில் பெயர்கூட இல்லை. மலடி என்பது வசை. பெற்றுக்கொள்ளாமல் இருப்பது என்பது, பதினாறு பேறுகளில் ஒன்றை இழப்பது. குழந்தையின்மை என்ற நாகரிகமான சொல்லோ, எல்லா ஊர்களிலும் சிகிச்சை மையங்களின் விளம்பரப் பலகையில் ஒரு நோயின் பெயராக மாறிவிட்டது. விரும்பி ஏற்ற நிலை ஒன்றைக் குறிக்கச் சொல் இல்லாத இடத்தில், அந்த நிலையோடு மருத்துவர் முன் சென்று நிற்பவர்களின் பேச்சு நோயாளியின் பேச்சாகவோ அறியாதவர்களின் பேச்சாகவோதான் கேட்கப்படும். அறுவை மருத்துவரின் தயக்கத்துக்கு இது ஒரு காரணம் என்றாலும், வலுவான காரணம் வேறு. அது ஒரு கணக்கு.

அந்தக் கணக்கை மிகத் துலக்கமாகக் காட்டுவது, 1960களின் இறுதி வரை அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் பின்பற்றிய ‘120 விதி’. கருத்தடை கேட்கும் பெண்ணின் வயதை அவருடைய பிள்ளைகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். விடை 120 அல்லது அதற்கு மேல் வந்தால் மட்டுமே அவர் தகுதி உடையவர். 24 வயதில் ஐந்து பிள்ளை, 30 வயதில் நான்கு பிள்ளை, 40 வயதில் மூன்று பிள்ளை என்றால் கதவு திறக்கும். பிள்ளை இல்லாதவருக்கு எந்த வயதிலும் விடை சுழிதான். தொண்ணூறு வயதானாலும் அவர் இந்த விதியின்படித் தேற மாட்டார். விதியை வகுத்தவர்கள் இதை எண்ணிப் பார்த்துச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது; பிள்ளை இல்லாத ஒருத்தி இதைக் கேட்பாள் என்ற நினைப்பே அவர்களுக்கு எழவில்லை என்பதே பொருத்தமான விளக்கம். விதி பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் ஒருவரின் விருப்பத்தை அவர் பெற்ற பிள்ளைகளைக் கொண்டு அளக்கும் பழக்கம் அதோடு போய்விடவில்லை.

இந்தியாவில் அது எழுத்தில் இருக்கிறது. நடுவண் சுகாதார அமைச்சகம் 2006இல் வெளியிட்ட கருத்தடைச் சேவைகளுக்கான தர நெறிமுறைகள், சிகிச்சை கேட்பவர் மணமானவராகவோ ஒருகாலத்தில் மணமாகியிருந்தவராகவோ இருக்க வேண்டும், பெண் 22 வயதுக்கு மேலும் 49 வயதுக்குக் கீழும், ஆண் 60 வயதுக்குக் கீழும் இருக்க வேண்டும், மருத்துவக் காரணம் இருந்தால் அன்றி, தம்பதிக்கு ஒரு வயது கடந்த ஒரு பிள்ளையாவது இருக்க வேண்டும் என்று வகுக்கின்றன. இது நாடாளுமன்றம் இயற்றிய தடைச் சட்டம் அன்று. ஆயினும் அரசு மருத்துவமனைகள் இதை மீறுவதில்லை. பிற்காலத்தில் வழக்கு வரக்கூடும் என்று அஞ்சும் தனியார் மருத்துவரும் இதையே காட்டிக் கைவிரிக்கிறார்.

ஒரு பிள்ளையாவது வேண்டும் என்ற இந்த ஒற்றை வரியை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. அதன் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஆர். ஏ. கோபாலசாமி, நான்காவது பிள்ளை முதலான பேறுகளை ‘முன்யோசனையற்ற மகப்பேறு’ என்று தன் அறிக்கையில் வகைப்படுத்தினார். பின்னர் அவர் தலைமைச் செயலாளராக இருந்த சென்னை மாநிலம், கருத்தடை செய்துகொள்பவர்களுக்குப் பணம் கொடுக்கும் முறையை நாட்டிலேயே முதலாவதாகத் தொடங்கி வைத்தது. எண்ணிக்கை குறி ஆனது, குறி இலக்கு ஆனது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 63,000க்கும் மேற்பட்ட வாசக்டமிகள் செய்யப்பட்டன. நெருக்கடி நிலைக் காலத்தின் 1976–77 நிதியாண்டில் நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் எத்தனை உண்மையான சம்மதத்தோடு நடந்தவை என்பது அக்கால அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின் முன் வந்த சாட்சியங்களிலிருந்து ஊகிக்கத்தக்கது. வற்புறுத்தப்பட்டவர்களில் மணமாகாதவர்களும் முதியவர்களும் இருந்தார்கள். அடுத்து வந்த தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றபின் எந்த அரசும் ஆண்களை நெருங்கத் துணியாமல், சுமை முழுவதும் பெண்களின் பக்கம் திருப்பப்பட்டது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்ததும், அந்த மாவட்டத்து முகாம்களுக்குப் போன பெண்களில் 13 பேர் இறந்ததும் அந்தத் திருப்பத்தின் நீட்சியே. தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்தும்படி கூறியது.

ஒரு பிள்ளையாவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, இலக்கை நிரப்ப அலையும் கைகளிலிருந்து மணமாகாத இளைஞரையும் புதுமணத் தம்பதியையும் காக்கும் வேலியாகப் பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வேலி யாரைக் காக்கிறது என்பதை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். விருப்பம் இல்லாதவரைப் பிடித்து வருவதைத் தடுப்பது வேறு, விரும்பி வருபவரைத் திருப்பி அனுப்புவது வேறு. முதலாவதற்குத் தேவைப்படுவது சம்மதத்தைச் சோதிக்கும் முறை, பிள்ளைகளை எண்ணும் முறை அன்று.

திருப்பி அனுப்பும் மருத்துவர் பெரும்பாலும் சொல்லும் காரணம், பின்னாளில் மனம் மாறி வருந்துவீர்கள் என்பது. இது சோதித்துப் பார்க்கத்தக்க கூற்று; சோதிக்கப்பட்டும் இருக்கிறது. முன்னர்க் குறிப்பிட்ட கிரெஸ்ட் ஆய்வின் ஒரு பகுதியாக 1999இல் வெளியான முடிவின்படி, அறுவைக்குப் பின் 14 ஆண்டுகளுக்குள் வருத்தம் தெரிவித்தவர்கள், 30 வயதிலோ அதற்கு முன்போ செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 20 விழுக்காடு, அதற்கு மேற்பட்ட வயதில் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 6 விழுக்காடு. இளவயதினரை எச்சரிக்க இந்த எண் போதுமானது, எச்சரிக்கவும் வேண்டும். ஆனால் அதே ஆய்வில் பிள்ளையே பெறாத பெண்கள், எண்ணிக்கையில் சிறிய குழுவாக இருந்தபோதிலும், மற்றவர்களைவிடக் குறைவாகவே வருந்தினார்கள் என்ற செய்தியை அந்த எச்சரிக்கையோடு சேர்த்துச் சொல்பவர் அரிது. இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. பிரசவ மேசையிலேயே, குடும்பத்தாரோ செவிலியரோ நினைவூட்ட, களைப்பின் நடுவே கையெழுத்திடும் தாயின் முடிவையும், ஆண்டுக்கணக்கில் உறவினரின் கேள்விகளுக்கு விடை சொல்லிச் சொல்லித் தேய்ந்து, பல மருத்துவர்களின் மறுப்பைத் தாண்டி வந்து நிற்கும் தம்பதியின் முடிவையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவது சரியான அளவை ஆகாது. பிள்ளை பெற்றதற்காக வருந்துபவர்களும் உலகில் உண்டு. அந்த வருத்தத்தை முன்கூட்டி எச்சரிக்க எந்த மருத்துவமனையும் படிவம் வைத்திருப்பதில்லை.

வருத்தம் பற்றிய ஆய்வுகள் சுட்டும் இன்னொரு செய்தி தம்பதிகளுக்கு நேரடியாக உரியது: மனம் மாறுவதற்கான பெரிய காரணங்களில் ஒன்று, மணவாழ்க்கை மாறுவது. இருவர் சேர்ந்து எடுக்கும் முடிவு ஒருவரின் உடலில்தான் நிறைவேறுகிறது. பிரிவோ மரணமோ நேர்ந்து மறுமணம் நடந்தால், அடைக்கப்பட்ட குழாய் ஒருவரோடு மட்டும் போகிறது. ஆகவே சிகிச்சைக்கு முன் ஒவ்வொருவரும் தனியே விடை காண வேண்டிய கேள்வி, நமக்குப் பிள்ளை வேண்டுமா என்பது அன்று, இந்தத் துணை இல்லாதபோதும் எனக்குப் பிள்ளை வேண்டாமா என்பது. அதற்கு உறுதியான விடை இல்லாதவர்களுக்கு, பிள்ளை பெறாத பெண்களும் பயன்படுத்தத்தக்க, பத்து ஆண்டு வரை பலன் தரும் காப்பர் டி 380ஏ போன்ற நீண்டகாலச் சாதனமே பொருத்தம். மீட்பு அறுவையை நம்பி நிரந்தர முறைக்குள் நுழைவது தவறு. வாசக்டமியை மீட்ட ஆண்களைப் பற்றி 1991இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், மூன்று ஆண்டுக்குள் மீட்டவர்களின் துணைவியரில் 76 விழுக்காட்டினர் கருவுற்றார்கள். 15 ஆண்டு கடந்து மீட்டவர்களிடையே அது 30 விழுக்காடாகக் குறைந்திருந்தது. அதுவும் நுண்ணோக்கி வைத்து நாளத்தின் முனைகளை இணைக்கத் தெரிந்த கைகளில் கிடைத்த எண்கள்.

பிற நாடுகள் இதே சிக்கலைத் தத்தம் வரலாற்றின் வழியே தீர்த்திருக்கின்றன, அல்லது தீர்க்காமல் விட்டிருக்கின்றன. 1948இன் இனமேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மாற்றுத்திறனாளிகளை வற்புறுத்திக் கருத்தடை செய்த ஜப்பான், 1996இல் அந்தச் சட்டத்தின் பெயரையும் பல பிரிவுகளையும் மாற்றியபோதும், பிள்ளைகள் பலர் இருந்து உடல்நலம் குன்றினால் அல்லது கருவுறுதல் உயிருக்கு ஆபத்தானால், துணையின் சம்மதத்தோடு மட்டுமே சிகிச்சை என்ற நிபந்தனையை வைத்துக்கொண்டது. இதை எதிர்த்து 2024இல் ஐந்து பெண்கள் டோக்கியோவில் வழக்குத் தொடுத்தார்கள். பிரேசில் 2022இல் தன் சட்டத்தைத் திருத்தி வயது வரம்பை 25இலிருந்து 21 ஆகக் குறைத்து, துணையின் சம்மதம் வேண்டும் என்பதையும் நீக்கியது. 21 வயது நிறைந்தவருக்குப் பிள்ளை இருக்கிறதா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. பிரான்சின் 2001ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றில் மிகத் தெளிவானது: வயது வந்தவர் எவரும் கேட்கலாம், மருத்துவர் விளைவுகளை விளக்க வேண்டும், முதல் சந்திப்பிலிருந்து நான்கு மாதம் கழித்து, எழுத்து வழியாக மீண்டும் உறுதி செய்தபின் அறுவை செய்யலாம். செய்ய விரும்பாத மருத்துவர் மறுக்கலாம், ஆனால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்தியச் சட்ட உலகம் இத்தகைய முறைக்குத் தடையாக இல்லை. பிள்ளை பெறுவதைப் போலவே பெறாமல் இருப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதி என்றும், கருத்தடை அறுவை உள்ளிட்ட முறைகளைத் தேர்ந்துகொள்ளப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் 2009இலேயே, சுசிதா ஸ்ரீவத்ஸவா வழக்கில் கூறியிருக்கிறது. மணவாழ்க்கையில் ஒருவர் மற்றவர் அறியாமல் கருத்தடை செய்துகொள்வது மனக்கொடுமையாகக் கருதப்படலாம் என்று 2007இல் சமர் கோஷ் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னதும், இருவரும் சேர்ந்து வந்து கேட்கும் தம்பதிக்கு எதிரானது அன்று, ஆதரவானது. அமைச்சகத்தின் நெறிமுறையோ, துணையின் சம்மதம் தேவையில்லை என்று சொல்லி, ஒரு வயது கடந்த ஒரு பிள்ளையுள்ள 23 வயதுப் பெண்ணின் ஒற்றைக் கையெழுத்தை ஏற்றுக்கொள்கிறது. 40 வயதில், பதினைந்து ஆண்டு மணவாழ்க்கைக்குப் பின், பிள்ளையில்லாத கணவனும் மனைவியும் ஒன்றாக இட்ட இரண்டு கையெழுத்துகளை ஏற்க மறுக்கிறது. அந்தப் பிள்ளை வரியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் விளக்கமான ஆலோசனையும் பிரான்சைப் போன்ற ஒரு காத்திருப்புக் காலமும் வைக்கப்பட வேண்டும்.